புது கார்: லெதர் சீட்டா, துணி சீட்டா?

ஜன்னலோரம்:

புது வண்டிக்குப் பேசி முடித்துவிட்டோம். மாடல், எஞ்சின், வெளி நிறம் எதிலும் வீட்டில் சண்டையில்லை. கடைசியில் சீட்டில் வந்து நிற்கிறது.

நாங்கள் எடுக்கும் வேரியன்ட்டில் கருஞ்சாம்பல் துணி சீட் தானாகவே வருகிறது. மேலே பணம் கட்டினால் ‘பிரீமியம் லெதர்’ என்று இளம் பழுப்பில் மாற்றித் தருவார்களாம். அதைப் பார்த்ததிலிருந்து என் கணவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. “வண்டிக்குள் ஏறினால் ஒரு மரியாதை வேண்டாமா?” என்கிறார். மரியாதை சரி, தினமும் ஓட்டப்போவது நான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எனக்கு முதுகு சீக்கிரம் வியர்க்கும். பகல் முழுக்க வண்டி வெட்டவெளியில் நிற்கும், நிழல் என்ற பேச்சே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் துணி என்று நானே சொல்லியிருப்பேன். சின்னவனுக்கு ஐந்து வயது. வளைவுப் பாதை வந்தாலே குமட்டும். இப்போதிருக்கும் வண்டியின் பின்சீட்டில் அந்த வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை. அப்புறம் மாமியாருக்கு முழங்கால் சரியாக மடங்காது. ஷோரூமில் துணி சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து உள்ளே திரும்பப் பார்த்தார். உடை சீட்டோடு பிடித்துக்கொண்டது, நான்தான் காலைத் தூக்கி வைத்தேன். பக்கத்தில் நின்ற லெதர் வண்டியில் அவரே வழுக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். இறங்கி வந்து “இதுவே நல்லாயிருக்கே” என்று ஒரு வார்த்தை சொன்னார். என் கணவருக்கு அது போதாதா!

வெயில், வாந்தி, முழங்கால் மூன்றையும் வைத்து யாராவது சொல்லுங்கள். அழகைப் பற்றி வேண்டாம், அதை வீட்டிலேயே நிறையக் கேட்டாயிற்று.

மூன்றாவதுகியர்:

லெதர்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குழந்தை இருக்கும் வண்டியில் துணி போட்டால் ஆயுசுக்கும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எங்கள் வண்டியில் எது கொட்டினாலும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, முடிந்தது. வெயிலுக்கு ஒரு டவலை விரித்துவிடுங்கள்.

ஊசிமுனை:

சீட் தைப்பதுதான் என் பிழைப்பு. பிரித்த சீட்டுகளைத்தான் நான் தினமும் பார்க்கிறேன், அதனால் உள்ளேயிருந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில், உங்களுக்குக் காட்டிய ‘லெதர்’ எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ப்ரோஷரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். லெதரெட், வீகன் லெதர், ஆர்டிஃபிஷியல் லெதர் என்று என்ன பெயர் போட்டிருந்தாலும் எங்கள் பட்டறையில் அதற்கு ஒரே பெயர்: ரெக்சின். துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு. அசல் தோல் என்று எழுதியிருக்கும் வண்டிகளிலும் பெரும்பாலும் முதுகும் தொடையும் படும் இடம் மட்டுமே தோல். பக்கவாட்டு, சீட்டின் பின்புறம், பல வண்டிகளில் தலைசாய்ப்பு கூட ரெக்சின்தான். ‘சீட்டிங் சர்ஃபேஸ்’, அதாவது உட்காரும் பரப்பு, என்று ஒரு சொல் அதற்காகவே போட்டிருப்பார்கள்.

தடவிப் பார்த்து, மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். கார் சீட்டுக்கு வரும் அசல் தோலும் பெரும்பாலும் நிறம் பூசி, மேலே பாலியூரித்தேன் பூச்சு கொடுத்து, வரிவடிவத்தை அச்சில் அழுத்தி எடுத்ததுதான். விரல் தொடுவது அந்தப் பூச்சை. எனக்கே சில சமயம் சந்தேகம் வரும். வெட்டின ஓரத்தைப் பார்த்தால்தான் தெரியும். அசலில் அடிப்பக்கம் நார் நாராக, பொசுபொசுவென்று இருக்கும். ரெக்சினில் பின்னல் துணி தெரியும். சீட்டுக்கு அடியில் கையை விட்டால் ஏதாவது ஓரம் அகப்படும், அல்லது ஷோரூமில் சாம்பிள் கார்டு கேளுங்கள்.

ரெக்சினிலும் இரண்டு ஜாதி. பி.வி.சி. ஒன்று, பி.யூ. எனும் பாலியூரித்தேன் ஒன்று. பி.வி.சி. கனமாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆனால் உழைக்கும். மெர்சிடிஸின் எம்பி-டெக்ஸ் இந்த வகைதான், அதன் ஆயுளுக்கென்றே பேர் வாங்கியது. பி.வி.சி.யை மெத்தென்று வைத்திருக்க ஒரு எண்ணெய்ச் சரக்கு சேர்ப்பார்கள். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். முன்கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகப் படலம் படிகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. அது போகப்போக பி.வி.சி. விறைத்து, கடைசியில் வெடிக்கும். அதற்குப் பல வருஷம் ஆகும்.

பி.யூ. வேறு கதை. தொட்டால் அசல் தோலைவிட மெத்தென்று இருக்கும், ஷோரூமில் மனதை அள்ளுவது அதுதான். ஆனால் மலிவான பி.யூ.வுக்குச் சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் ஆகாது. நீர்ப்பதம் உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக்கின் கட்டுமானத்தையே அறுக்கும். முதுகு வியர்வை படும் இடத்தில் ஆரம்பித்து, பாம்பு சட்டை உரிப்பதுபோல் உரியும். உரிய ஆரம்பித்தால் ஒட்டவும் முடியாது, நிறம் பூசவும் முடியாது, அந்தத் துண்டை வெட்டியெடுத்து வேறு தைக்க வேண்டியதுதான். பாலிகார்பனேட் அடிப்படையிலான உயர்ந்த பி.யூ. நன்றாகத் தாங்கும். எது எந்த ரகம் என்று விற்பனைப் பையனுக்குத் தெரிந்திருக்காது, அவர் மேல் குற்றமில்லை. வெட்டவெளியில் நிற்கும் வண்டி, சீக்கிரம் வியர்க்கும் முதுகு. இந்த இரண்டும் சேரும் இடத்தில் ரகம் தெரியாத பி.யூ.வை நான் போட மாட்டேன்.

வெயிலைப் பற்றி. துணி சூடாகாது என்று நினைக்க வேண்டாம், அதுவும் சூடாகும். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகக்காரர்கள் கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் வண்டிகளை நிறுத்தி அளந்து 2018-ல் வெளியிட்டார்கள். டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ், ஸ்டீயரிங் 53, சீட் 51. நிழலில் நின்றவற்றில் சீட் 41 தான். ஆக, எந்தச் சீட் என்பதற்கு முன்னால் எங்கே நிறுத்துகிறோம் என்பதே பத்து டிகிரி. சரி, ஏன் ரெக்சின் மட்டும் சுடுகிறது? வழவழப்பான பரப்பு உடம்போடு முழுசாக ஒட்டுகிறது, சூடு ஒரே நேரத்தில் தோலில் இறங்குகிறது. துணியில் நூலுக்கு நூல் இடைவெளி, நடுவில் காற்று. தொடும் பரப்பு குறைவு, அதனால் சூடு மெதுவாக ஏறும். வியர்வை போவதற்கும் அதே இடைவெளிதான் வழி. டவல் விரித்தால் சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் துணி சீட்டுக்குப் பணம் கொடுக்காமல் லெதருக்குப் பணம் கொடுத்து, அதன் மேல் துணியை விரித்து உட்காருவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

வாந்தி விஷயத்தில் மூன்றாவதுகியர் சொல்வது பாதி சரி. நடுப்பரப்பில் விழுந்தால் துடைத்துவிடலாம். ஆனால் குழந்தை அப்படிப் பார்த்து எடுப்பதில்லை. சீட்டின் பள்ளங்களில் எல்லாம் தையல். ஒவ்வொரு தையலும் வரிசையாக ஊசி போட்ட ஓட்டை. தேங்கினால் அதன் வழியே நுரைமெத்தைக்குள் இறங்கும். காற்று வருவதற்காகப் பொத்தல் போட்ட லெதர் என்றால் கேட்கவே வேண்டாம். துணியில் இறங்கியதைத் துணி வழியாகவே உறிஞ்சி எடுக்கலாம், தண்ணீர் தெளித்து உறிஞ்சும் மெஷின் இருக்கிறது. ரெக்சினுக்கு அடியில் போனதை எடுக்க உறையைக் கழற்ற வேண்டும். வாடை போகாத லெதர் சீட்டுகள் என்னிடம் வருவது இப்படித்தான்.

உங்கள் பழைய வண்டியின் வாடைக்கு: சோப்பு நுரையை ஊற்றி ஊறவைக்காதீர்கள், மெத்தை அதைக் குடித்துவிடும். என்சைம் கிளீனர் என்று கேட்டு வாங்கி, வாந்தி இறங்கிய ஆழம்வரை நனையுமளவு போட்டு, ஈரம் காயாமல் அதில் எழுதியிருக்கும் நேரம்வரை விட்டு, உறிஞ்சி எடுத்து, கதவுகளைத் திறந்து முழுக்கக் காயவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை வாடை புதிதாகச் சேரும்.

இளம் பழுப்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. புது ஜீன்ஸின் நீலச்சாயம் அதில் ஏறும். உடனே துடைத்தால் போகும். வெயிலில் சூடாகி உள்ளே இறங்கிவிட்டால் போகாது. இது அசல் தோலுக்கும் ரெக்சினுக்கும் பொது.

என் ஓட்டு துணிக்கு. ஆனால் ஷோரூமில் அதையும் சோதியுங்கள். நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், இழை எழும்பினால் நெசவு தளர்த்தி. பையன் ஷூவில் ஒட்டும் பட்டை இருந்தால் அது அந்த இழையைத்தான் பிடித்து இழுக்கும். நெருக்கமான நெசவாக, இரண்டு நிற நூல் கலந்ததாக இருந்தால் கறை கண்ணுக்குத் தெரியாது. கருஞ்சாம்பல் நல்ல நிறம்.

வாடகைச்சக்கரம்:

ஊசிமுனை சார் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ரெக்சினை இந்த அளவுக்குத் திட்ட வேண்டாம். வாடகை வண்டி ஓட்டுகிறேன். மழையில் நனைந்தவர், மண்ணோடு வருபவர், சென்ட்டில் குளித்து வருபவர் எல்லாரும் ஒரே சீட்டில்தான் உட்காருகிறார்கள். அடுத்த சவாரிக்கு நடுவில் எனக்குக் கிடைக்கும் நேரத்தில் துணியைக் காயவைக்க முடியாது. கனமான பி.வி.சி.தான் எனக்குச் சோறு போடுகிறது. புகை பிடித்தவர் இறங்கிப் போனபிறகு துணியில் அந்த நாற்றம் தங்குவது இருக்கிறதே, அதற்கு மருந்தே இல்லை.

ஆனால் அந்தம்மாவின் தேவை வேறு. அவர் ஒரே முதுகோடு ஒரே சீட்டில் தினம் இரண்டு மணி நேரம். நான் ஓட்டுநர் சீட்டுக்கு மட்டும் துணி உறைதான் போட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழையபானட்:

இந்த மரியாதைப் பேச்சுக்கு ஒரு துணுக்கு. உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.

ஆரம்பகாலத்துப் பெரிய சொகுசு வண்டிகளில் ஓட்டுநர் திறந்த இடத்தில் உட்காருவார், முதலாளி பின்னால் மூடிய அறையில். லெதர் யாருக்குத் தெரியுமா? ஓட்டுநருக்கு. மழை, சேறு, வெயில் தாங்க வேண்டும் என்பதால். பின்னால் முதலாளிக்கு நேர்த்தியான கம்பளித் துணி. லெதர் உசத்தி, துணி மட்டம் என்ற கணக்கு பிற்பாடு வந்தது.

அந்தப் பழைய கணக்கை ஜப்பானில் இன்னும் விடவில்லை. டொயோட்டா சென்சுரி என்ற உச்ச வண்டியில் கம்பளித் துணி சீட்டுதான் மரபு, லெதர் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். அசையும்போது துணி கிறீச்சிடாது என்பது அதற்குச் சொல்லும் காரணம். அவர்கள் பேரரசருக்காக 2006-ல் செய்து கொடுத்த சென்சுரி ராயலில் முன்சீட் லெதர், பேரரசர் உட்காரும் பின்சீட் கம்பளி. இதற்கு மேல் என்ன மரியாதை!

இன்னொன்று. ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் ‘ஸ்வேட் லெதர்’ என்று பலர் நினைத்துத் தடவும் அல்கான்டாராவும் தோல் இல்லை. ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ 1970-ல் கண்டுபிடித்த நுண்ணிழைத் துணி அது. பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும்.

லெதர் எடுத்தே ஆக வேண்டும் என்றால் காற்றோட்ட வசதியோடு எடுங்கள். ஸ்வீடன் கம்பெனியான சாபின் 9-5 வண்டியில் 1997-ல் வந்தது, சீட்டுக்குள் சின்ன விசிறி. இன்று சாதாரண வண்டிகளுக்கும் வந்துவிட்டது. முதுகு வியர்வைக்கு அது பெரிய வித்தியாசம்.

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் நன்றி. ப்ரோஷரை எடுத்துப் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் நட்சத்திரக் குறி, அதன் அடியில் ‘பி.யூ. லெதரெட்’. பிரீமியம் என்ற சொல் மட்டும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில். காற்றோட்ட சீட் எங்கள் வேரியன்ட்டில் கிடையாது, அதற்கு இன்னும் இரண்டு படி மேலே போக வேண்டும். பேரரசர் கதையை வாசித்துக் காட்டினேன். “அவருக்கு ஏ.சி. நிழலில் நிறுத்த ஆள் இருக்கும்” என்கிறார். ஆனால் குரல் இறங்கியிருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு யோசனை சொல்கிறார். துணியோடு எடுத்துவிட்டு, வெளியில் அசல் தோல் உறை தைத்துப் போட்டுக்கொள்ளலாமாம். மாமியாரின் பிரச்சினையும் அப்படியே நிற்கிறது. ஊசிமுனை அண்ணா, என்ன சொல்கிறீர்கள்?

ஊசிமுனை:

தைத்துக் கொடுத்தால் எனக்கு வருமானம்தான். இருந்தாலும் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

முன்சீட்டின் கதவுப் பக்க ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று சின்ன லேபிள் தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வண்டி மோதும்போது அது உறையின் தையலைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அதற்காகவே கம்பெனியில் அந்த இடத்தை மட்டும் பிளக்கும்படியான நூலில், கணக்காகத் தைப்பார்கள். அதன் மேல் தடித்த தோலை இறுக்கிப் போட்டால் ஏர்பேக் தாமதமாகும், அல்லது வேறு பக்கம் திரும்பும். ‘ஏர்பேக்குக்கு ஒத்துவரும்’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. உங்கள் மாடலுக்கென்று சோதித்து, வண்டிக் கம்பெனியே அங்கீகரித்த உறையா என்று கேளுங்கள். இல்லையென்றால் முன்சீட்டில் கை வைக்க வேண்டாம். பக்கத்துச் சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சாரும் மெத்தைக்குள் இருக்கும். தடித்த உறை அதையும் குழப்பும், வாரண்டியில் தகராறும் வரும்.

மாமியாருக்கு. சீட்டே வழுக்க வேண்டும் என்றில்லையே, அவர் திரும்பும் அந்த நேரத்துக்கு மட்டும் வழுக்கினால் போதும். ரெயின்கோட் துணி மாதிரி வழவழப்பான நைலான் துண்டு ஒன்றைச் சீட்டின் மேல் போட்டு, அதில் உட்காரவைத்துத் திரும்பியதும் உருவிவிடுங்கள். அவர் அதன் மேலேயே பயணம் செய்யக்கூடாது. பிரேக் அடித்தால் முன்னால் சறுக்கி, இடுப்புப் பெல்ட் வயிற்றில் ஏறும். வழுக்கும் சீட்டில் எனக்குப் பிடிக்காத விஷயமும் அதுதான். ஏறும்போது வசதி, வளைவில் பிடிமானம் இல்லை. முழங்காலுக்கு உண்மையான உதவி சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, உயர்த்த முடிந்தால் உயர்த்தி வைப்பது. அவரை முன்சீட்டில் உட்காரவையுங்கள், பின்கதவைவிட முன்கதவு அகலம்.

பையன் இடத்துக்கு மட்டும் கழற்றித் துவைக்கும் விரிப்பு போதும். குழந்தை சீட் வைத்திருந்தால் அதன் அடியில் எதைப் போடலாம் என்று அந்தச் சீட்டின் கையேட்டில் பாருங்கள். தடித்த விரிப்பு போட்டால் சீட்டின் பிடிப்பு தளரும்.

மூன்றாவதுகியர்:

ஊசி ஓட்டை விஷயம் யோசிக்காதது. இன்று போய் எங்கள் பின்சீட்டின் பள்ளத்தை விரித்துப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று இங்கே எழுத விருப்பமில்லை.

வாடகைச்சக்கரம்:

ஹா ஹா. வாக்குவம் கிளீனரில் குறுகின மூக்கு ஒன்று வரும், அதைப் போட்டு முதலில் உலர்ந்ததை எடுங்கள். ஈரத்துணி அப்புறம். முதலில் ஈரம் பட்டால் எல்லாம் சேறாகித் தையலுக்குள் போகும்.

ஜன்னலோரம்:

துணியே எழுதிக் கொடுத்துவிட்டோம். நகத்தால் கீறியும் பார்த்தேன், இழை எழும்பவில்லை. விற்பனைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நைலான் துண்டை ஷோரூம் வண்டியிலேயே வைத்து மாமியாரைத் திருப்பிப் பார்த்தோம், இரண்டாவது தடவையே அவருக்குப் பழகிவிட்டது. முன்சீட் என்றதும் அவருக்கு முழங்கால் வலியே பாதி குறைந்த மாதிரி ஒரு முகம். பின்னால் போகப்போவது என் கணவர்.

அவருக்காக ஸ்டீயரிங்குக்கு மட்டும் லெதர் உறை வரும் பேக்கேஜைச் சேர்த்துக்கொண்டோம். அதில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஊசிமுனை:

ஸ்டீயரிங்குக்கு லெதர் நல்லது, கையில் பிடிமானம் கிடைக்கும். சானிட்டைசரும் சன்ஸ்கிரீனும்தான் அதற்கு எதிரி. இரண்டும் மேல்பூச்சைக் கரைத்து மினுமினுப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கும், கை காய்ந்தபிறகு பிடியுங்கள். துடைக்க லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியும் ஒரு சொட்டு மிதமான சோப்பும் போதும். கண்டிஷனர் டப்பா எதையும் உங்கள் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். அந்தப் பூச்சைத் தாண்டி அது உள்ளே போகாது, மேலே வழுக்கத்தான் செய்யும். ஸ்டீயரிங்கில் அது வேண்டாம்.